கழற்றியதைப் பார்த்து வாங்கு

பாலிக் புலாவிலிருந்து ஜார்ஜ்டவுனுக்கு மலை ஏறாத வழி கிடையாது. பாயா தெருபோங் பக்கம் இறங்கும் துன் சார்டோன் சாலை, கெந்திங் மேட்டைக் கடந்து தெலுக் கும்பாருக்குப் போகும் சாலை, வடக்கே தெலுக் பாஹாங் வளைவுகள் என எதில் போனாலும் ஏறித்தான் இறங்க வேண்டும். அதனால் இங்கே பட்டறை வைத்திருக்கும் பொமேனுக்கு, சமதள ஊர்க்காரர்களுக்குத் தேவைப்படாத சில பிடிவாதங்கள் உண்டு. எனக்கும் உண்டு.

என்னிடம் வருவதில் பாதிக்கு மேல் வயதான காடிகள். 2005-இல் வெளிவந்த முதல் மைவி, 1994-இல் வந்த கஞ்சில், அதற்கும் மூத்த சாகா. (சாகாவும் பினாங்குப் பாலமும் ஒரே வருசம், 1985. பாலத்துக்கு எத்தனை முறை பழுது பார்த்தார்களோ தெரியாது, சாகாவுக்கு நாங்கள் பார்த்துக்கொண்டே இருக்கிறோம்.) மீட்டரில் மூன்று லட்சம் கிலோமீட்டர் என்பது இங்கே அதிசயமில்லை. டுரியான் தோட்டத்துச் செம்மண்ணில் ஏறி இறங்கிய மூன்று லட்சம் அது.

இந்த மாதிரிக் காடிக்காரர்கள் சாமானை முடிவு பண்ணிவிட்டுத்தான் வருவார்கள். "அண்ணே, இரிடியம் பிளக் போட்டா பெட்ரோல் மிச்சமாகுமாம், நாலு வாங்கி வச்சிருக்கேன்" என்பார் ஒரு தம்பி. "வாங்கினது இருக்கட்டும், முதல்ல உள்ள இருக்கிறதைக் கழட்டுவோம்" என்பேன். எஞ்சின் ஆறட்டும் என்று அவரை டீக்கு அனுப்புவேன். அலுமினிய ஹெட்டில் சூட்டோடு பிளக்கைத் திருகினால் மரையும் கூடவே வந்துவிடும்.

கழற்றிய பிளக்குகளை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று சிலிண்டர் வரிசையிலேயே துணியில் அடுக்கி வைப்பேன். வரிசை மாறினால் படிக்க ஒன்றும் மிஞ்சாது. நான்கின் நுனியும் வெளிர் பழுப்பாக, காய்ந்திருந்தால் எஞ்சின் நல்லபடி எரிகிறது. அப்படிப்பட்ட எஞ்சினுக்குத் தாராளமாக இரிடியம் போடலாம். நிக்கல் பிளக்கின் நடுக்கம்பி இரண்டரை மில்லிமீட்டர் தடிமன். இரிடியத்தில் அது 0.4-இலிருந்து 0.6 வரைதான். மெல்லிய நுனியில் குறைந்த மின்னழுத்தத்திலேயே பொறி தாவும், தேய்மானமும் மெதுவாகவே வரும். நிக்கல் 20,000 கிலோமீட்டரில் தளரும் இடத்தில் இரிடியம் ஒரு லட்சம் வரை தாங்கும்.

மூன்றாவது மட்டும் கறுத்து, எண்ணெயில் நனைந்து வந்தால் கதை வேறு. வால்வு சீலோ பிஸ்டன் ரிங்கோ தளர்ந்துவிட்டது. எண்ணெய் படிந்தால் இரிடியமும் அடைபடும், நிக்கலும் அடைபடும். ஒரு இரிடியத்தின் விலைக்கு மூன்று நிக்கல் வாங்கலாம் என்றால், எஞ்சினைத் திறக்கப் பணம் சேரும்வரை அடிக்கடி மாற்றத் தோதானது எது? அந்தத் தம்பியின் இரிடியம் பெட்டியைப் பிரிக்காமலே கடைக்குத் திருப்பி அனுப்பினேன். நான்கில் ஒன்று மட்டும் ஆவியில் கழுவின மாதிரி வெள்ளையாக இருந்தால் பிளக்கை மறந்துவிட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். ஹெட் கேஸ்கெட் வழியாகத் தண்ணீர் உள்ளே கசிகிறது.

மைவியில் இன்னொரு தொல்லை. ஒவ்வொரு பிளக்குக்கும் மேலே தனித்தனிக் காயில். காயிலைத் தூக்கும்போது குழிக்குள் எண்ணெய் தேங்கி நின்றால், வால்வு கவரின் குழாய் சீல் போய்விட்டது. சீலை மாற்றாமல் பிளக்கை மட்டும் மாற்றுவது வீண் செலவு. தேய்ந்த பிளக்கையே வருசக்கணக்கில் ஓட்டுவதும் அப்படித்தான்: இடைவெளி கூடக் கூடக் காயில் இன்னும் உயர்ந்த மின்னழுத்தம் கொடுக்க வேண்டியிருக்கும், கடைசியில் காயிலே படுத்துவிடும்.

பெட்டியில் நான் முதலில் பார்ப்பது சூட்டு எண்ணை. பழைய சாகாவுக்குப் பழக்கமான என்ஜிகே பிபிஆர்6இஎஸ்-11-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். முதல் 'பி' 14 மி.மீ. மரை, 'ஆர்' ரேடியோ இரைச்சலை அடக்கும் ரெசிஸ்டர், 'இ' 19 மி.மீ. நீளம், கடைசி 11 என்றால் இடைவெளி 1.1 மி.மீ. நடுவில் உள்ள 6-தான் சூட்டு எண். என்ஜிகே, டென்சோ இரண்டிலும் எண் கூடினால் பிளக் குளிர்ந்தது. போஷில் எண் கூடினால் சூடானது. "இதுவும் அதுவும் ஒண்ணுதான்" என்று கடைக்காரர் வேறு பிராண்டை நீட்டும்போது தப்பு நடப்பது இங்கேதான். எண்ணெய் குடிக்கும் எஞ்சினுக்கு ஒரு படி சூடான பிளக் போட்டால் கரி எரிந்துவிடும் என்று சில பொமேன்கள் சொல்வார்கள். சமதளத்துக்குச் சரியாக இருக்கலாம். டுரியான் கூடைகளோடு துன் சார்டோனில் இரண்டாவது கியரில் ஏறும் காடியில் அந்தப் பிளக் அளவுக்கு மீறிச் சூடாகி, பொறிக்கு முன்னாலேயே கலவையைப் பற்ற வைக்கும். எஞ்சின் தட்டும் சத்தம் கேட்கும். விட்டுவிட்டால் பிஸ்டனில் ஓட்டை. அதனால் கம்பெனி சொன்ன எண்ணை நான் மாற்றுவதில்லை.

இனி பிரேக். ஆள்களோடு ஆயிரம் கிலோ எடையுள்ள ஒரு காடி நூறு மீட்டர் உயரத்தை பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால், மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் அளவு சூடு பிரேக்கில் சேரும். இறங்கும்போது 'டி'-யை விட்டு '2'-க்குப் போங்கள் என்று எல்லாரிடமும் சொல்கிறேன். பாதிப் பேர் கேட்கிறார்கள்.

இங்கே பேடுக்கு முன்னால் பிரேக் எண்ணெயைப் பார்க்க வேண்டும். டாட் 3 எண்ணெய் புதிதாக இருக்கும்போது 205 டிகிரியில் கொதிக்கும். ஈரம் குடித்த பிறகு அந்த வரம்பு 140-க்கு இறங்கிவிடும். டாட் 4-க்கு 230, ஈரமானால் 155. இந்த ஊர்க் காற்றின் ஈரத்தில் இரண்டு வருசமே அதிகம். எண்ணெய் கொதித்துக் குமிழி விட்டால் பெடல் தரைவரை போகும். புத்தம்புது பேட் இருந்தும் காடி நிற்காது. டாப்பாவில் காப்பி நிறத்து எண்ணெயை வைத்துக்கொண்டு விலை உயர்ந்த பேட் கேட்பவரிடம், பேடில் குறைத்துக்கொண்டு எண்ணெயை மாற்றச் சொல்வேன்.

செராமிக் பேட் சத்தம் போடாது, ரிம்மில் கறுப்புத் தூள் படியாது. காடியை மினுக்கி வைத்திருப்பவர்களுக்கு அது பெரிய விஷயம். நான் பேடின் ஓரத்தில் அச்சடித்த இரண்டு எழுத்தைத் தேடுவேன். எல்லாப் பேடிலும் இருக்காது. இருந்தால் படிக்கத் தெரிய வேண்டும். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உராய்வு, இரண்டாவது கடுஞ்சூட்டில். 'எஃப்' என்றால் 0.35-இலிருந்து 0.45, 'இ' என்றால் 0.25-இலிருந்து 0.35. 'எஃப்எஃப்' சூடேறினாலும் பிடிக்கும். 'எஃப்இ' சூடேறினால் தளரும்; ஆயர் ஈத்தாம் அடுக்குமாடிக்கும் பாசாருக்கும் ஓடும் காடிக்கு அது போதும், மலை இறங்குகிற காடிக்குப் போட மாட்டேன்.

பேட் மாற்றும் நாளில் டிஸ்க்கையும் அளக்க வேண்டும். குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். மூன்று லட்சம் ஓடியதில் ஓரத்தில் வரப்பு எழும்பியிருக்கும். கடைந்து எடுக்க இடமில்லை என்றால் டிஸ்க்கும் புதிதுதான். பணம் பற்றாதவரிடம் நான் முதலில் வெட்டச் சொல்வது பேடின் பிராண்டை.

"முன் பேட் சீக்கிரம் தேயுது, சாமான் மட்டம்" என்று வருகிறவர்களின் காடியில் நான் பின் டிரம்மைத் திறப்பேன். புலாவ் பெத்தோங் கடற்கரைக் காடிகளில் உப்புக்காற்றுக்கு ஷூவைத் தானே நெருக்கும் அட்ஜஸ்டர் துருப்பிடித்து இறுகியிருக்கும், வீல் சிலிண்டர் கசிந்து ஷூ நனைந்திருக்கும். பின் பக்கம் சும்மா கிடப்பதால் முழு வேலையும் முன் பேடின் தலையில். உள்ளே உள்ள தூளைக் காற்றடித்து ஊத விடமாட்டேன். பழைய ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். நனைத்துத்தான் துடைக்க வேண்டும்.

புதுப் பேட் போட்ட அன்று காடியை மலைக்கு விடக்கூடாது. சுங்கை பூரோங் வயல் பக்கத்துத் தட்டையான சாலைக்கு ஓட்டிப் போய், அறுபதில் இருந்து இருபதுக்கு, முழுக்க நிறுத்தாமல் பல தடவை மிதித்து, இடையிடையே ஆற விடுவேன். பிறகு இறங்கி ஒவ்வொரு ரிம்முக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோவேன், தொட மாட்டேன். முன்னால் இரண்டும் ஒரே சூடாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தகித்தால் காலிப்பரின் ஸ்லைடு பின் இன்னும் இறுகிக் கிடக்கிறது. சாவி கேட்டு யார் நின்றாலும் அன்றைக்குக் காடி என் பட்டறையில்தான்.