மூன்று மணி நேரக் காபி!

ஒரு கப் காபியை எவ்வளவு நேரம் குடிக்கலாம்? ஐந்து நிமிஷம்? பத்து நிமிஷம்? சென்னையில் அதை மூன்று மணி நேரம் குடித்த மகானுபாவர்கள் உண்டு, ஸார்! ஆபீஸில் ஐம்பதைத் தாண்டிய சீனியர் யாரிடமாவது ‘டிரைவ்-இன்’ என்று சொல்லிப் பாருங்கள். ஃபைலை மூடிவிட்டு, “அதெல்லாம் ஒரு காலம்ப்பா...” என்று ஆரம்பித்துவிடுவார்.

ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில், கதீட்ரல் ரோட்டில், தோட்டக்கலைச் சங்கத்து மரங்களுக்கு நடுவே 1962-ல் உட்லண்ட்ஸ் கிருஷ்ணா ராவ் திறந்த ஓட்டல் அது. காரை மரத்தடியில் நிறுத்தினால் போதும், சர்வர் வந்து கதவிலேயே தட்டை மாட்டுவார். கார் இல்லாத நம்மைப் போன்றவர்களுக்கு உள்ளே மேஜை, நாற்காலி.

காலையில் மெடிகல் ரெப்கள் பையும் டையுமாக வந்து இறங்குவார்கள். அன்றைக்குப் ‘பார்த்த’ டாக்டர்களில் பாதிப் பேரை சோளா பட்டூராவுக்கும் காபிக்கும் நடுவில்தான் பார்த்தார்களோ என்று ஒரு சந்தேகம்! அடுத்த மேஜையில் உதவி டைரக்டர்கள் ஹீரோவைக் கொல்வதா, வேண்டாமா என்று விவாதிப்பார்கள். ஓரத்து மேஜையில் காதலர்கள். இவர்களுக்கு நடுவே, வேலை தேடி அலுத்த ஒரு பையன் ஒற்றைக் காபியோடு உட்கார்ந்திருப்பான். “வேற என்ன ஸார் வேணும்?” என்று யாரும் அவனை விரட்டியதில்லை.

2008-ல் ஓட்டலை மூடினார்கள். நிலம் அரசு வசமானது. அங்கே சுமார் 20 ஏக்கரில் உருவான செம்மொழிப் பூங்காவை 2010 நவம்பர் 24-ல் கலைஞர் திறந்துவைத்தார்.

குறை சொல்ல மனசு வரவில்லை. பெரிய மரங்கள் பலவற்றை வெட்டாமல் விட்டார்கள். அன்றைக்கு ஓட்டலுக்கு வந்தவர்கள் மட்டும் அனுபவித்த நிழலில், இன்றைக்குக் குழந்தை குட்டிகளோடு குடும்பங்கள் நடக்கின்றன. 2024-ல் எதிர்ப்பக்கமே இன்னொரு பூங்காவும் வந்தாயிற்று... கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா. அங்கே ஜிப்லைன் உண்டு. கம்பியில் தொங்கியபடி ஆகாயத்தில் பறக்கலாம்!

நடக்க இடம் கிடைத்தது, பறக்கவும் கிடைத்தது. சும்மா உட்கார்ந்து பேசத்தான் இடம் குறைந்துபோச்சு. இரண்டு அப்பாயின்ட்மென்ட்டுக்கு நடுவே மாட்டிக்கொண்ட ரெப், இப்போது பைக்கையே நாற்காலியாக்கி மேம்பால நிழலில் போனை நோண்டுகிறார். ஏ.ஸி. காபி ஷாப்பில் உட்காரலாம்தான்... விலைப் பட்டியலைப் பார்த்ததும் எழுந்துவிடத் தோன்றுகிறதே!

ஒரு லீவு நாளில் செம்மொழிப் பூங்காவுக்குப் போங்கள். டிக்கெட் வாங்கி, பெரிய மரமாகப் பார்த்து உட்காருங்கள். கூட ஒரு நண்பனையும் இழுத்துப் போங்கள். போன் பாக்கெட்டிலேயே இருக்கட்டும். யார் கண்டது... உங்க அப்பாவும் அம்மாவும் வீட்டுக்குத் தெரியாமல் காபி குடித்தது அந்த மரத்தடியிலேயே இருக்கலாம்!