முட்டுக்கட்டையின் சூடு

"எங்க அப்பா உக்காந்திருக்கற மாதிரியே இருக்கு தம்பி" என்றாள் அம்மா.

திருவெறும்பூர் வீட்டு வாசலில், வேகன்ஆரின் இடது முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, வெறும் டிஸ்க்கின் எதிரே குந்தியிருந்தேன். பிரேக் பேட் மாற்றுவது எனக்கு அதுதான் முதல் தடவை. அம்மா காபி டம்ளரோடு படியில் நின்று என் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். குதிகால் தரையில் பதிய, தலை மட்டும் சக்கரத்தை நோக்கிக் கவிழ்ந்திருக்கும் அந்த உட்காரல் தாத்தாவுடையதாம்.

தாத்தா கார் ஓட்டியவர் இல்லை. காரில் ஏறியதே நாலைந்து தடவை இருக்கும். திருவாரூர்ப் பக்கம் ஏர் ஓட்டிப் பிழைத்தவர். பங்குனியில் ஆழித்தேர் ஓடும் நாளில் மட்டும் முட்டுக்கட்டை போடப் போவார். 96 அடி உயரம், 300 டன் எடை என்பார்கள் அந்தத் தேரை. இழுப்பதற்கு ஜனம் இருக்கிறது. வடத்தில் கை வைக்க இடம் கிடைக்காமல் முட்டிமோதுகிறவர்களே ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். கிளம்பிய தேரை நிறுத்துவதும் வீதி முக்கில் திருப்புவதும் அப்படியல்ல. அதற்குத்தான் புளியமரத்தில் ஆப்பு மாதிரி செதுக்கிய கட்டைகள். உருண்டு வரும் சக்கரத்துக்கு அடியில் சரியான கோணத்தில் கட்டையைக் கொடுத்துவிட்டு விலக வேண்டும். கொஞ்சம் முந்தினால் கட்டை சறுக்கும். பிந்தினால் என்ன ஆகும் என்று தாத்தா என்னிடம் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை.

எனக்கு அப்போது பத்து வயது. தேர் கீழவீதி தாண்டி நின்றதும் தாத்தா ஒரு கட்டையை உருவி என் பக்கம் நீட்டினார். "தொட்டுப் பாருடா." சக்கரம் ஏறிய இடத்தில் மரம் நசுங்கி, நார் நாராகப் பிரிந்து, மென்று துப்பிய வேப்பங்குச்சி மாதிரி இருந்தது. சூடாக இருந்தது. வெயில் சூடு இல்லை. உள்ளேயிருந்து வருகிற சூடு. லேசாகக் கருகல் வாடையும் இருந்தது. தேர் நின்றுவிட்டது, ஆனால் ஓடிய ஓட்டம் கட்டைக்குள் இன்னும் இருக்கிறது என்று அந்த வயதில் எனக்குத் தோன்றியது. பள்ளிக்கூடத்தில் ஆற்றல் அழிவதில்லை, உருமாறும் என்று படித்தபோது நான் நினைத்துக்கொண்டது அந்தக் கட்டையைத்தான்.

இடது சக்கரத்துக்கு வருகிறேன். ஒரு மாதமாகவே பிரேக் போடும்போதெல்லாம் கீச்சென்று மெல்லிய சத்தம். அது பழுதின் சத்தம் இல்லை, எச்சரிக்கைச் சத்தம். பேடின் ஓரத்தில் சின்னதாக ஒரு தகடு வைத்திருப்பார்கள். பேட் தேய்ந்து தேய்ந்து இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு வரும்போது அந்தத் தகடு டிஸ்க்கை உரசிக் கத்த ஆரம்பிக்கும். அதை யோசித்து வைத்த மனிதர் யாரோ, அவரை எனக்கு மிகவும் பிடிக்கும். பார்க்க முடியாத இடத்தில் தேய்கிற பொருளுக்குக் குரல் கொடுத்திருக்கிறார்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கைபிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கல் வைத்தேன். சக்கரம் தரையில் இருக்கும்போதே நான்கு நட்டுகளையும் இளக்கிக்கொண்டேன். தூக்கிய பிறகு இளக்கினால் சக்கரம் கூடவே சுற்றும், வண்டியும் ஆடும். ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது. ஸ்டாண்டு வைத்தேன், போதாதென்று கழற்றிய சக்கரத்தையும் வண்டிக்கு அடியில் தள்ளினேன். ஜாக்கி சரிந்தாலும் வண்டி அதன்மேல்தான் உட்காரும். பின்சக்கரங்களுக்குக் கல் வைத்தபோது தாத்தா நினைவுக்கு வரவில்லை. அம்மா சொன்ன பிறகுதான் வந்தார்.

ஸ்டியரிங்கை ஒரு பக்கம் ஒடித்து வைத்தால், பேடுகளைப் பிடித்திருக்கும் காலிப்பர் வெளியே தெரியும். கீழ் போல்ட்டைக் கழற்றி, மேல் போல்ட்டைக் கீல் மாதிரி வைத்துக் காலிப்பரைத் தூக்கினேன். ரப்பர் ஓஸில் பாரம் விழாமல் கம்பியால் கட்டினேன். இரண்டு பேடையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது ஒரு நிமிடம் கை ஓடவில்லை. வெளிப்பேடில் ஐந்து மில்லிமீட்டர் நன்றாகவே இருந்தது. உள்பேடு இரும்பைத் தொடப்போகிறது. ஒரே சக்கரம், ஒரே மிதி, ஒன்று பாதி உழைத்திருக்கிறது, இன்னொன்று தன்னையே தின்று தீர்த்திருக்கிறது.

காரணம் விரலளவு பின் ஒன்று. காலிப்பர் அந்தப் பின்களின்மேல்தான் வழுக்கி நகர வேண்டும். பிஸ்டன் உள்பேடை அழுத்தும்போது காலிப்பர் பின்னால் நகர்ந்து வெளிப்பேடையும் இழுத்துக்கொண்டு வந்தால்தான் இரண்டும் சமமாகக் கவ்வும். என் வண்டியில் கீழ்ப் பின் காய்ந்து, துருப்பிடித்து, இறுகிப்போயிருந்தது. போன தடவை பேட் மாற்றியது ஒரு பட்டறையில். புது பேடை வைத்தவர்கள் பின்னை உருவிப் பார்க்கவே இல்லை. ஒரு சிட்டிகை கிரீஸும் இரண்டு நிமிடமும் மிச்சம் பிடித்திருக்கிறார்கள். அந்த வண்டியில் நான் அம்மாவை எத்தனை தடவை திருவாரூருக்கும் தஞ்சாவூருக்கும் ஏற்றிப் போயிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். கோபம்தான் வந்தது. இப்போதும் இருக்கிறது. மற்ற வேலைகளில் சோம்பினால் வேலை கெடும். பிரேக்கில் சோம்பினால் முகம் தெரியாத யாரோ ஒருவர் தெருவைக் கடந்துகொண்டிருப்பார்.

பின்னை உப்புத்தாளால் தேய்த்து, துடைத்து, ரப்பரைக் கெடுக்காத சிலிக்கான் கிரீஸ் தடவி, விரலால் தள்ளினால் போய்வருகிற மாதிரி ஆகும்வரை விடவில்லை. பேட் தூசியை வாயால் ஊதக் கூடாது. முன்பெல்லாம் அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. இல்லாவிட்டாலும் நுரையீரலுக்கு ஆகாது. ஈரத் துணியால் துடைத்தேன்.

அம்மா தீர்ந்த பேடைக் கையில் வாங்கிப் பார்த்தாள். "செருப்போட அடிப்பக்கம் மாதிரி தேஞ்சிருக்கு" என்றாள்.

அம்மா அறியாமல் சொன்னதில் ஒரு சரித்திரமே இருந்தது. 1888 ஆகஸ்டில் பெர்தா பென்ஸ், கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமல், இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தன் தாய்வீட்டுக்கு அவருடைய மோட்டார் வண்டியிலேயே போனார். நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். இறக்கங்களில் மரக்கட்டை பிரேக் தேய்ந்துபோக, வழியில் ஒரு செருப்புத் தைப்பவரிடம் சொல்லி அந்தக் கட்டைகளில் தோல் அடித்துக்கொண்டார். பிரேக் லைனிங் அங்கேதான் பிறந்தது என்பார்கள். அதற்குப் பத்து வருஷத்துக்குள் இங்கிலாந்தின் டெர்பிஷயரில் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர், குதிரை வண்டிக்காரர்கள் இறக்கத்தில் பழைய பூட்ஸை பிரேக்கில் செருகுவதைப் பார்த்துவிட்டு லைனிங் செய்ய இறங்கினார். ஃபெரோடோ கம்பெனி அவருடையது. மரம், தோல், பூட்ஸ். கிடைத்ததைச் சக்கரத்துக்குக் கொடுத்துப் பார்த்தவர்கள். தாத்தாவை அவர்கள் வரிசையில் உட்கார வைக்க எனக்குத் தயக்கமே இல்லை.

பிற்பாடு ஆழித்தேருக்கு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் வந்தன. செய்துகொடுத்தது திருச்சி பெல் ஆலை. இதோ, என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அதற்குப் பிறகும் முட்டுக்கட்டைக்கு வேலை இருந்தது; நான் தொட்டுப் பார்த்த கட்டையே இரும்புச் சக்கரம் ஏறியதுதான். தேரில் இருப்பதும் என் காரில் இருப்பதும் தத்துவத்தில் ஒன்றே: மூடிய குழாயில் திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் குறையாமல் எல்லாப் பக்கமும் போகும். காலின் மிதி பிஸ்டனுக்குப் போய்ச் சேருவது அப்படித்தான்.

புது பேட் தடிமன். பிஸ்டனை உள்ளே தள்ளினால்தான் இடம் கிடைக்கும். பழைய பேடைக் குறுக்கே வைத்து சி கிளாம்பால் மெதுவாகத் திருகினேன். அப்படித் தள்ளும்போது பிரேக் ஆயில் திரும்பி மேலே டப்பாவுக்கு ஏறும். மூடியைத் திறந்து, வழியாமல் பார்த்துக்கொள்ள அம்மாவைப் பானெட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தேன். அந்த ஆயில் பட்டால் பெயிண்ட் உரிந்துவிடும். "ஏறுது... ஏறுது... போதும் தம்பி, நிறுத்து!" தேரோட்டத்தில் முன்னால் நின்று சைகை கொடுப்பவர்களின் குரல் அது.

வலது பக்கத்தையும் மாற்றினேன். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

எல்லாம் பூட்டி இறக்கியதும் ஸ்டார்ட் பண்ணாமலே பெடலை மிதித்தேன். தரைவரை போனது, வெறுங்காற்றை மிதித்த மாதிரி. இப்படித்தான் ஆகும், பிஸ்டன் பேடை எட்டும்வரை நாலைந்து தடவை மிதிக்க வேண்டும் என்று தெரிந்துதான் மிதித்தேன். தெரிந்திருந்தும் அடிவயிறு கலங்கியது. மூன்றாவது மிதியில் பெடல் எதிர்த்தது. ஐந்தாவதில் கல் மாதிரி நின்றது. ஆயில் அளவைச் சரிபார்த்து மூடினேன்.

அம்மாவும் வந்தாள். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. ஆளில்லாத லேஅவுட் ரோட்டில் ஐம்பதுவரை போய், பத்துவரை குறைத்து, முழுக்க நிறுத்தாமல் மறுபடி ஏற்றி, பத்துத் தடவை. புது பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பழக வேண்டும். பிறகு பிரேக் ஆறுவதற்காக, அதைத் தொடாமல் கொஞ்ச தூரம் காற்றாட ஓட்டினேன். பல வருஷத்துக்கு முன்னால் குன்னூரிலிருந்து இறங்கியபோது கல்லாறு அருகே ஒரு வண்டியின் சக்கரத்திலிருந்து புகை. கூட வந்தவர் பாட்டிலோடு ஓடினார். எங்கள் டிரைவர் கத்தினார்: "தண்ணி ஊத்தாதீங்க சார், டிஸ்க் கோணிக்கும். தானா ஆறட்டும்." அன்றும் தாத்தாவின் கட்டையில் இருந்த அதே கருகல் வாடை. இன்று இருந்தது புது பேடின் லேசான வாடை மட்டும்.

வாசலில் நிறுத்தியதும் இறங்கி இடது சக்கரத்தின் எதிரே குந்தினேன். பின் மறுபடி இறுகியிருந்தால் ஒரு பக்கம் மட்டும் அதிகமாகக் கொதிக்கும். தொடக் கூடாது, சுடும். சக்கரத்தின் ஓட்டை வழியே சூடு தெரிகிற தூரத்தில் உள்ளங்கையைப் பிடித்தேன். எழுந்து வலது பக்கம் போய் அங்கேயும் பிடித்தேன்.

அம்மா கதவைத் திறந்து இறங்கி வந்து என் பக்கத்தில் குனிந்து தன் கையையும் நீட்டினாள்.

"ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு" என்றாள்.