உத்தரவாதம்

தகப்பனார் காலந்தொட்டு ஒரே கம்பெனியின் மோட்டாரைத்தான் நாம் நம்பி வந்தோம். சுதேசிக் கம்பெனி என்ற அபிமானம் வேறு! சென்ற வருஷம் வாங்கிய புது வண்டியோ, ஆத்தங்குடியிலிருந்து காரைக்குடி போவதற்குள் மூன்று முறை நின்றுவிட்டது. உத்தரவாதப் பத்திரத்தை நீட்டினோம். "உபயோகத்தால் வந்த தேய்மானம், இதில் சேராது" என்றார்கள். உபயோகிக்காமல் பூஜை செய்யவா வாங்கினோம்?

2014-இல் உற்பத்தி நின்றுபோன அம்பாஸிடரைத் தெருமுனைப் பட்டறையிலேயே சரிப்படுத்திவிடலாம். புது வண்டிக்கோ கம்பெனியின் கம்ப்யூட்டரே கதி. ஆகையால் கம்பெனியின் வாக்கும் வண்டியின் ஓர் உறுப்பே.

கண்ணாடிமேல் வர்ணச் சிமெண்டு வார்த்துச் செய்யும் நம் ஊர்த் தரைக்கல்லுக்குப் பத்திரமே கிடையாது. நடக்க நடக்க அது மெருகேறுகிறது!

2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறை நேர்ந்த இரண்டு வருஷத்துக்குள் வக்கீலின்றியே முறையிடலாம். வாக்குத் தவறலாகாது என்று பிள்ளைகளுக்குப் போதிக்கும் நாம், கம்பெனிக்கும் அதே பாடத்தைச் சொல்ல மனுப் போட்டிருக்கிறோம்.