குளிரில் மீன் கடிக்குமா?

அம்மா போன பிறகு அப்பாவை ஸ்ரீவைகுண்டத்தில் தனியாக விட மனசில்லாமல், போன நவம்பரில் தில்லிக்குக் கூட்டி வந்துவிட்டேன். மயூர் விஹாரில் மூன்றாவது மாடி. டிசம்பர் பிறந்ததும் மனுஷர் ரஜாய்க்குள் போனவர்தான். சாப்பாடு இரண்டு இட்லி. பேச்சு அதையும் விடக் குறைவு. டாக்டரிடம் காட்டினோம். உடம்பில் ஒரு கோளாறும் இல்லை என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டொராண்டோவிலிருந்து தம்பி வீடியோவில் வந்தான். நின்றிருந்தது சிம்கோ ஏரியின் மேல்! ஆபீஸ் நண்பர்களோடு ஐஸில் ஓட்டை போட்டு, ஒரு முழ நீளத் தூண்டிலோடு உட்கார்ந்திருக்கிறான். சைவ வீட்டுப் பிள்ளை, ஹி ஹி.

அப்பா எழுந்து உட்கார்ந்தார். "ஏல, ஐஸுக்குக் கீழ மீன் எப்படில உசுரோட இருக்கும்?"

தண்ணீர் 4 டிகிரியில்தான் ரொம்ப கனம், அது அடியில் தங்கிவிடும், ஐஸ் மேலே மிதந்து போர்வை மாதிரி மூடிக்கொள்ளும் என்று தம்பி விளக்கினான். ஸ்மால்மவுத் பாஸ் என்று ஒரு மீனாம். குளிர் வந்தால் ஆழத்தில் பாறை ஓரமாகக் கூட்டமாய் ஒதுங்கிவிடுமாம். அதிகம் தின்னாது, அதிகம் நகராது. ஒரே இடத்தில் மொத்தக் கூட்டத்தையும் அள்ளிவிடலாம் என்பதால் அங்கே ஜனவரியில் அதைப் பிடிக்கத் தடை. தெரியாமல் மாட்டினால் விட்டுவிட வேண்டும்.

"அதுபாட்டுக்கு ஒதுங்கிக் கிடக்கு. ஏன் தொந்தரவு பண்ணணும்?" என்றார் அப்பா. ரஜாய்க்குள்ளிருந்துதான்.

இரண்டு நாள் கழித்து மெட்ரோவில் போகும்போது, யமுனா பேங்க் தாண்டியதும் ஜன்னல் வழியே பார்த்தபடி கேட்டார்: "இந்த ஆத்துல மீன் இருக்குமால?"

என்ன சொல்ல? வஜீராபாத் அணைக்குக் கீழே நஜஃப்கட் சாக்கடை கலக்கிறது. அங்கிருந்து ஓக்லா வரை 22 கிலோமீட்டர், மீன் மூச்சு விடவே ஆக்ஸிஜன் கிடையாது. காளிந்தி குஞ்சில் நுரை பொங்குவதை நீங்களும் டிவியில் பார்த்திருப்பீர்கள். ஆனால் தில்லிக்குள் ஆறு நுழைகிற பல்லா கிராமத்தில் அது இன்னும் ஆறுதான். அடுத்த ஞாயிறு சிக்னேச்சர் பாலம் ஏறி, புராரி வழியாக அங்கே போனோம். பனிமூட்டத்தில் முன்னால் போகிற டிராக்டரே தெரியவில்லை.

அப்பா பையைத் திறந்தார். உள்ளே மயில் இறகுத் தக்கை, நரம்பு, முள். ஊரிலிருந்தே கொண்டு வந்திருக்கிறார்!

மண்புழு கோர்த்துப் போட்டுவிட்டு இரண்டு மணி நேரம். ஒன்றும் இல்லை. குளிரில் மீனுக்குப் பசி மந்தம், வெயில் ஏறட்டும் என்றார். ஃபிளாஸ்க் டீயைக் குடித்துக்கொண்டே, இரண்டு மாதத்தில் முதல் முறையாக அம்மாவைப் பற்றிப் பேசினார்.

"பிடிச்ச மீனை ஒருநாளும் வீட்டுக்குக் கொண்டு போனதில்லல. அணைக்கட்டுல நிக்கிற பிள்ளைகளுக்குக் குடுத்துட்டு, எலுமிச்சம்பழம் தேய்ச்சு கையக் கழுவிட்டுத்தான் போவேன். அவளுக்குத் தெரியாதுன்னு நெனப்பு. கடைசில ஆஸ்பத்திரியில வச்சுச் சொல்லுதா, 'நாப்பது வருஷமா எலுமிச்சை வாசம் வந்தா ஆத்துக்குப் போயிருக்கீயன்னு தெரிஞ்சுக்கிடுவேன்'னு."

நான் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும்தான்.

பன்னிரண்டு மணி வாக்கில் தக்கை லேசாக அமுங்கியது. விரல் நீளத்தில் ஏதோ ஒரு கெண்டைக் குஞ்சு. முள்ளைப் பதமாக எடுத்து, குனிந்து தண்ணீரில் விட்டார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் என் மனைவியிடம் கேட்டார்: "எம்மா, ஒரு எலுமிச்சம்பழம் இருக்கா?"

ராத்திரி நாலு இட்லி.

மறுநாள் காலையில் பழையபடி ரஜாய்தான். ஆனால் மார்ச்சில் வெயில் வந்ததும் மறுபடி பல்லா போக வேண்டுமாம். வீட்டில் எலுமிச்சம்பழம் தீராமல் பார்த்துக்கொள்கிறோம். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கொண்டு வந்த பையில் என்ன இருக்கிறது என்று ஒரு தரம் கேட்டுப் பாருங்களேன்.