கடுகெண்ணெய் வாடை



சென்ற மாதம் எங்கள் திருமண நாளன்று, கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் எங்களிருவரையும் அங்குள்ள ஒரு வணிக வளாகத்துக்கு அழைத்துச் சென்றாள். மெக்சிகோ நாட்டு உணவு விற்கும் கடை. டாக்கோ, பரிட்டோ, கேசடியா என்று பலகையில் எழுதியிருந்ததை அவளே வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. தட்டு வந்தது. என் மனைவி ஒரு விள்ளல் வாயிலிட்டு, "ராஜ்மாவைச் சப்பாத்தியில் சுருட்டி வைத்திருக்கிறார்கள். இதற்கா அறுநூறு ரூபாய்?" என்றாள்.

அவள் சொன்னதில் பாதி உண்மை. மறுபாதியை அன்று இரவு வீடு திரும்பிய பின் வாசித்துத் தெரிந்துகொண்டேன். மெக்சிகோவின் மெய்யான ரொட்டி கோதுமையினாலானது அல்ல, மக்காச்சோளத்தினாலானது. சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவிட்டு, கழுவி, அரைத்துத் தட்டுகிறார்கள். ஐரோப்பியர் சோளத்தைக் கொண்டுபோனார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள். அதையே தின்று வாழ்ந்த ஏழைகளைப் பெல்லக்ரா என்னும் நோய் பிடித்தது. தானியத்தை எடுத்துக்கொண்டு, அதை வளர்த்த மக்களிடம் சமைக்கும் விதத்தைக் கேளாமல் போனதின் பலன் அது.

நம் மிளகாயும் அந்தத் தேசத்திலிருந்து வந்ததே. பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் கப்பலில் கொண்டுவந்தார்கள். அதற்கு முன் நம் முன்னோருக்கு உறைப்பு என்றால் மிளகுதான். ஆகவே புதிதாக வந்த காய்க்கு மிளகின் பெயரையே இட்டு வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டார்கள். தக்காளியும் அப்பக்கத்து விருந்தாளியே. இன்று இவ்விரண்டும் இல்லாமல் நம் அடுக்களையில் ஒரு குழம்பு கொதிக்குமா?

சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் மகள் சிரித்தபடி, "அப்பா, மெக்சிகோவில் உங்கள் பெயரிலேயே ஒரு பதார்த்தம் உண்டு" என்றாள். "டாக்கோஸ் அல் பாஸ்தோர்" என்பது அதன் பெயர். மேய்ப்பன் முறையில் செய்த டாக்கோ என்று பொருள். கடந்த நூற்றாண்டில் லெபனானிலிருந்து மெக்சிகோவின் புயேப்லா முதலான ஊர்களுக்குக் குடியேறியவர்கள், தங்கள் நாட்டு வழக்கப்படி கம்பியில் இறைச்சியைக் குத்திச் சுழற்றிச் சுட்டு விற்றார்கள். அவர்களில் பலர் கிறிஸ்தவர்கள். ஆட்டிறைச்சி பன்றியிறைச்சியாக மாறியது. அவர்கள் ரொட்டி இருந்த இடத்தில் சோள ரொட்டி வந்தது. பிழைக்க வந்தவர்களின் உணவு, இன்று அந்நாட்டின் அடையாள உணவுகளில் ஒன்று.

இதையெல்லாம் நான் வியந்து கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் அவள் கேட்டாள்: "அப்பா, நம் தெருமுனையில் பீகார்க்காரர் கடை ஒன்று இருக்கிறதே, அங்கே ஒருநாளாவது சாப்பிட்டிருக்கிறீர்களா?"

இல்லை என்றேன். அவள் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அன்று பேருந்தில் அவிநாசி தாண்டும்வரை எனக்குப் பேச்சு எழவில்லை.

காரணத்தை உங்களுக்கு நான் அறிக்கையிட வேண்டும். நம் ஆலயத்தின் கடைசி இருக்கைகளில் அமரும் ஜார்க்கண்ட் வாலிபர்களை நீங்கள் அறிவீர்கள். ஒருவர் ஓவர்லாக் அடிக்கிறார், இருவர் செக்கிங், மற்றவர்கள் கட்டிங்கிலும் அயர்னிங்கிலும் இருக்கிறார்கள். சனிக்கிழமை ஒன்றரை ஷிப்ட் முடித்து, சம்பளம் வாங்கி, ஞாயிறு காலை சட்டையை மடிப்புக் கலையாமல் உடுத்திக்கொண்டு வருகிறவர்கள். அவர்களுடைய விசுவாசம் நேற்று முளைத்ததல்ல. காஸ்னர் மிஷனரிகள் ராஞ்சியில் கால் வைத்தது 1845-ல். நம் சபையில் பலருடைய குடும்பங்களைவிட அவர்கள் குடும்பங்கள் பழைய கிறிஸ்தவர்கள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர்கள், ஆராதனைக்குப் பின் ஆலயத்தின் பின்கட்டில் மாதம் ஒருமுறை தாங்களே சமைத்து எல்லாருக்கும் பரிமாற விரும்புகிறோம் என்று கேட்டார்கள். நான் மகிழ்ச்சியோடு சரி என்றேன். ஒருமுறை நடந்தது. அடுத்த வாரம் கமிட்டியில் பேச்சு எழுந்தது. கடுகெண்ணெய் வாடை ஆலயத்துக்குள் நிற்கிறது, திரைச்சீலையெல்லாம் நாறுகிறது, அவர்கள் அறையிலேயே சமைத்துக்கொள்ளட்டும் என்றார்கள். யாரும் கோபமாகப் பேசவில்லை. மிகவும் பதவிசாகவே பேசினார்கள். நான் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வாலிபர்களிடம், "பின்கட்டில் வேலை நடக்கப்போகிறது, சில நாள் போகட்டும்" என்றேன். வேலை எதுவும் நடக்கவில்லை. அவர்களும் மறுபடி கேட்கவில்லை.

2023 மார்ச் மாதத்தில் வடமாநிலத் தொழிலாளர் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவி, பீகார் அரசின் அதிகாரிகள் குழு திருப்பூருக்கே வந்து விசாரித்துப் போனதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அப்போது பிரசங்கபீடத்தில் நின்று, அந்நியரை நேசிப்பது குறித்து உரத்த குரலில் பேசியவனும் நானே.

இறையியல் கல்லூரியில் கலாத்தியர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தை நாங்கள் வாரக்கணக்கில் படித்தோம். பேதுரு யோப்பாவில், தோல் பதனிடுகிற சீமோனின் வீட்டு மேல்மாடியில், பசியோடிருந்த வேளையில் வானத்திலிருந்து இறங்கின துப்பட்டியைக் கண்டவர். நூலும் துணியுமாய் வாழும் நம் ஊராருக்கு அந்தத் துப்பட்டி அந்நியமானதல்ல. அதன் பின் அவர் கொர்நேலியுவின் வீட்டுக்குப் போனார். எருசலேமில் அதைக் குறித்துக் கேட்டவர்களுக்குத் தைரியமாய் உத்தரவும் சொன்னார். அப்படிப்பட்டவர் அந்தியோகியாவில், சிலர் வந்தார்கள் என்பதற்காகப் புறஜாதியாரின் பந்தியைவிட்டு மெல்ல விலகிக்கொண்டார். பவுல் அவரை முகமுகமாய் எதிர்த்தார். மாணவனாக இருந்தபோது நான் பவுலின் பக்கத்தில் நின்று அந்தப் பகுதியை வாசித்தேன். பேதுரு உபதேசத்தில் தவறவில்லை, சாப்பாட்டில் தவறினார் என்பதை இப்போதுதான் கவனிக்கிறேன்.

போன புதன்கிழமை இரவு அந்தக் கடைக்குப் போனேன். தகரக் கூரை, நான்கு பெஞ்சுகள். நம் ஓவர்லாக் தம்பி அங்கே இருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்று, "பாஸ்டர்ஜி, சாப்பாடு ஆச்சா?" என்று நம் ஊர்த் தமிழிலேயே கேட்டார். ஆகவில்லை என்றேன். தன் தோளிலிருந்த துண்டால் பெஞ்சைத் துடைத்தார்.

லிட்டி வந்தது. வறுத்த கடலைமாவில் ஓமமும் பூண்டும் பச்சைமிளகாயும் பிசைந்து, கோதுமை மாவுருண்டைக்குள் அடைத்து, கரிநெருப்பில் சுட்டது. தொட்டுக்கொள்ளச் சோக்கா: சுட்ட கத்தரிக்காயும் சுட்ட தக்காளியும் உருளைக்கிழங்கும் மசித்து, மேலே பச்சையாகக் கடுகெண்ணெய். முதல் வாய் மூக்கில் ஏறியது, மறைப்பானேன். மூன்றாவது வாய்க்குப் பிறகு இன்னும் கொஞ்சம் கேட்டேன்.

சாப்பிட்டு முடித்தபின், பின்கட்டைப் பற்றி நான் அவரிடம் சொன்னது பொய் என்று சொன்னேன். அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு, "தெரியும் பாஸ்டர்ஜி" என்றார். சற்று நேரம் கழித்து, "எங்களுக்கு அன்றே தெரியும். அதற்காக ஆலயத்துக்கு வராமல் இருக்க முடியுமா?" என்றார். எத்தனை வற்புறுத்தியும் என்னைக் காசு கொடுக்க விடவில்லை.

கமிட்டியாரோடு பேசிவிட்டேன். இம்மாதக் கடைசி ஞாயிறு ஆராதனைக்குப் பின் பின்கட்டில் அவர்கள் சமைக்கிறார்கள். திரைச்சீலைகளைச் சனிக்கிழமையே கழற்றி வைக்க நானும் என் மனைவியும் வருகிறோம். கத்தரிக்காய் சுடுவதற்கு இரண்டு மூட்டை அடுப்புக்கரி தேவைப்படுகிறது. தரக்கூடியவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் எனக்குத் தெரிவியுங்கள்.