மூன்று மாதங்களுக்குப் பின்

கிள்ளான் பள்ளத்தாக்கில் வீடு தேடி வரும் தாதியரை அனுப்புவது மாநகர் மன்றமன்று; மலேசியச் சுகாதார அமைச்சு 2014-இல் தொடங்கிய இல்லப் பராமரிப்புத் திட்டத்தின்படி, மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய படுக்கை நோயாளிகளை அரசு கிளினிக் குழுவினர் சென்று பார்த்து, படுக்கைப்புண்ணுக்கு மருந்திட்டு, மூக்குவழியே உணவு செலுத்தும் குழாயை மாற்றி, நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்கும் முறையை வீட்டாருக்குப் பழக்குகின்றனர். ஏறத்தாழ மூன்று மாதங்களில் பொறுப்பு குடும்பத்தின் கைக்கு மாறுகிறது. குடும்பம் என்பது பெரும்பாலும் ஒரு மகளோ மருமகளோதான். தீராநோயின் வலியைத் தணிக்கும் பராமரிப்பை வீட்டுக்கே சென்று இலவசமாக வழங்கும் ஹோஸ்பிஸ் மலேசியாவோ, 1991 முதல் நன்கொடையை நம்பியிருக்கிறது. வடிகால், கடை உரிமம் ஆகியவற்றைக் கவனிக்கும் மாநகர் மன்றங்கள், பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் அடுக்குமாடிகளில் முடங்கிய முதியோரின் கணக்கையேனும் எடுத்துக் கிளினிக்குகளுக்குக் கொடுத்தால், அந்த மூன்று மாத எல்லையை நீட்டுவது குறித்துப் பேசத் தொடங்கலாம்.