ஒருவர் மட்டும் காணும் உலகம்

புதிய கருவியொன்று ஊருக்குள் வரும்பொழுது, புதியது என்பதனாலேயே அதனைப் போற்றுவோர் ஒருசாரார்; புதியது என்பதனாலேயே அதனைத் தூற்றுவோர் மற்றொரு சாரார். சிந்திக்கும் சிரமத்தை இருசாராரும் தவிர்த்துக்கொள்கின்றனர். கரவெட்டியில் வாழும் நாம் இவ்விரு கட்சியிலும் சேர விரும்பவில்லை. விலை கொடுப்பவர் நாமாதலின், கணக்குப் பார்க்கும் கடமையும் எமக்குண்டு.

அண்மையில் எமது பகுதி வாசிகசாலை இளைஞர்கள் ஒரு பிரச்சினையை எம்மிடம் கொண்டுவந்தனர். கனடாவிலுள்ள ஊரவர் சிலர் வாசிகசாலைக்கென ஒரு தொகைப் பணம் அனுப்பியிருந்தனர். அதில் ‘மெய்நிகர்க் காட்சிக் கருவி’ ஒன்றை வாங்கலாமா என்பது கேள்வி. அப்பணம் பனியிலும் இரவு வேலையிலும் உழைத்த பணம். அதனை எப்படிச் செலவிடுவது என்பதை வேடிக்கையாக முடிவுசெய்ய இயலாது.

கருவியின் தத்துவம் பழையது. சற்றே வேறுபட்ட இரு படங்களை இரு கண்களுக்கும் தனித்தனியே காட்டினால், மூளை அவற்றை ஒன்றாக்கி ஆழமுள்ள காட்சியாகக் காணும் என்பதை 1838 இல் இங்கிலாந்தின் சார்ள்ஸ் வீற்ஸ்ரன் விளக்கிக் காட்டினார். 1968 இல் அமெரிக்காவில் ஐவன் சதர்லாந்து, தலை திரும்புந்தோறும் காட்சியும் திரும்பும் கருவியை அமைத்தார். அதனைக் கூரையிலிருந்து தொங்கவிட வேண்டியிருந்தது. இன்று அதே வித்தை அரைக் கிலோ அளவான நிறையுடன் முகத்தில் அமர்ந்துவிட்டது.

விடுமுறைக்குக் கொழும்பிலிருந்து வந்த உறவினர் ஒருவரின் கருவியை நாமும் அணிந்து பார்த்தோம். கடலின் அடியில் நின்றோம். திமிங்கிலமொன்று எம் தோளை உரசுவது போலக் கடந்து சென்றது. வியக்கவில்லை என்று எழுதினால் அது பொய்யாகும். ஆயினும் மூக்குக்கண்ணாடி இடறிற்று. பங்குனி வெக்கையில் நெற்றி வியர்த்து ஒழுகிற்று. சுற்றி நின்ற பிள்ளைகளில் ஒருத்தி, “மாமா, என்ன தெரியுது? எங்களுக்கும் சொல்லுங்கோவன்” என்று கேட்டாள். நாம் கண்டதைத் தொலைபேசித் திரையிலே தட்டைப் படமாகப் பிறருக்குக் காட்டலாம் என்பது உண்மை. ஆனால் தட்டைப் படம் பார்ப்பதற்கு இத்துணை விலை எதற்கு? பத்துப்பேர் இருக்கும் அறையில் ஒருவரே காண, ஒன்பதுபேர் காத்திருப்பதே இக்கருவியின் இயல்பு.

இனி விலையைப் பார்ப்போம். மெற்றா நிறுவனத்தின் ‘குவெஸ்ற் 3எஸ்’ 2024 ஒக்டோபரில் 299 டொலருக்கு வெளிவந்தது. டொலரொன்று 300 ரூபா எனக் கொண்டால், கப்பற்கூலியும் வரியும் சேராமலே ஏறத்தாழ 90,000 ரூபா. இலங்கையில் சட்டம் வகுத்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும், 2026 ஜனவரி முதல் 30,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. ஆகவே, ஒரு தொழிலாளி மூன்று மாதம் உண்ணாது உடுக்காது சேர்த்தால் ஒரு கருவி. 2024 பெப்ரவரியில் அப்பிள் நிறுவனம் 3,499 டொலருக்கு வெளியிட்ட கருவியோ எமது கணக்கில் பத்து இலட்சம் ரூபாவைத் தாண்டும்.

இவ்விலையிலும் விற்பவனுக்கு இலாபமில்லை என்பது ஆச்சரியமான செய்தி. இக்கருவிகளை ஆக்கும் மெற்றாவின் பிரிவு 2024 ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 1,770 கோடி டொலர் நட்டமடைந்தது. நட்டத்துக்கு வியாபாரம் செய்பவனைத் தருமவான் என்று எவரும் சொல்லார். நாளை மனிதர் கூடும் சந்தையின் வாசலைத் தன் கையில் வைத்திருப்பதற்காகவே அவன் இன்று பணத்தை இறைக்கிறான். வாசல் அவனுடையதாயின், திறப்பதும் பூட்டுவதும் அவன் விருப்பம். கூகிள் 2016 இல் ‘டேட்றீம்’ என்ற காட்சிக் கருவியைக் கொணர்ந்தது. 2019 இல் கைவிட்டது. 2019 இல் வந்த முதலாவது குவெஸ்ற் கருவிக்கான ஆதரவை மெற்றா 2024 உடன் முடித்துக்கொண்டது. கருவி கெடவில்லை, கடைக்காரன் மனம் மாறிற்று. நெல்லியடிச் சந்தியில் எத்துணை கைதேர்ந்த திருத்துநர் இருப்பினும், தொலைதூரத்தில் நிறுத்தப்பட்ட சேவையை அவரால் திருத்த இயலாது.

எமது தலைமுறைக்கு இதன் பொருள் நன்கு விளங்கும். 1990 இன் பின்னர் குடாநாடு பல ஆண்டுகள் மின்சாரமின்றி இருந்தது. பற்றரிக்கும் தடை. அப்பொழுது சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டோம். ஒருவர் சுழற்றினார், முற்றம் நிறையச் சனம் கேட்டது. பின் மற்றொருவர் சுழற்றினார். எவருடைய அனுமதியையும் அந்த வானொலி வேண்டி நிற்கவில்லை.

வானொலியும் ஒருகாலத்தில் அந்நியன் பெட்டிதான். அதனை எமதாக்கியது எது? அதனுள்ளே எமது பேச்சு புகுந்தமையே. இலங்கை வானொலியில் இலங்கையர்கோனின் ‘விதானையார் வீட்டில்’ நாடகம் ஒலித்தபொழுது யாழ்ப்பாணத்தவர் தம் வீட்டுத் தமிழைத் தாமே கேட்டனர். அந்நாடகத்தில் நடித்த கார்த்திகேசு சிவத்தம்பி, பிற்காலத்தில் பேராசிரியராய் விளங்கியவர், எமது கரவெட்டியிற் பிறந்தவர். வாங்கிய கருவி எமதாவது அதனுள் எமது குரலும் உழைப்பும் சேரும்பொழுதே. திமிங்கிலத்தைக் காட்டிய அக்கருவியில் ஒரு தமிழ்ச் சொல்லையும் நாம் கேட்கவில்லை. ஒரு பனையையும் காணவில்லை.

இதனால் இக்கருவி பயனற்றது என்று கூறோம். நெடுநாள் முதுகுவலியைத் தணிக்கும் சிகிச்சையாக இத்தகைய கருவியொன்றை 2021 நவம்பரில் அமெரிக்க மருந்து நிர்வாகம் அங்கீகரித்தது. யுத்த அதிர்ச்சியால் துன்புற்ற அமெரிக்கச் சிப்பாய்களுக்கு 1990களிலேயே இவ்வழியிற் சிகிச்சை முயன்றனர். யுத்தம் எமது மண்ணில் விட்டுச்சென்ற வலிகள் யாவருக்கும் தெரியும். நாளை எமது வைத்தியர்கள், நோயாளருக்கென இக்கருவி வேண்டுமென்று கேட்பாராயின், முதலாவது ரூபாவை நாமே கொடுப்போம். அங்கே ஒரு கருவி நாள்தோறும் பலரது துன்பத்தைத் தொடும். வாசிகசாலையிலோ முதல் மாதம் வரிசை நீளும். இரண்டாம் மாதம் அலுமாரி பூட்டப்படும்.

எனவே இளைஞர்களுக்கு நாம் கூறிய முடிவு இதுதான். இப்பொழுது வாங்க வேண்டாம். ஆசையையும் விட வேண்டாம். 2014 இல் கூகிள் காட்டிய ஒரு வழியுண்டு: மடித்த அட்டை, இரண்டு வில்லைகள், உள்ளே கைத்தொலைபேசி. அதன் அமைப்பு எவரும் எடுத்துப் பயன்படுத்த இயலுமாறு வெளியிடப்பட்டுள்ளது. பத்துப் பிள்ளைகளுக்குப் பத்து அட்டைப்பெட்டிகள் செய்யலாம். படத்தையும் நாமே எடுக்கலாம். அசையாத பொருளை ஒருமுறை படமெடுத்து, தொலைபேசியை இரு கண்களின் இடைவெளியளவு, ஏறத்தாழ ஆறு சென்ரிமீற்றர், பக்கவாட்டில் நகர்த்தி மீண்டும் எடுத்தால், வீற்ஸ்ரனின் இரு படங்களும் கிடைத்துவிடும்.

ஆச்சி இழைத்து வைத்த பனையோலைப் பெட்டி, அறுவடைக்கு நிற்கும் வெங்காயத் தோட்டம், புகையிலைக் குடில், தேர்முட்டி, குண்டுபட்டுக் கூரையிழந்து நிற்கும் வீட்டுச் சுவர் ஆகியவற்றை அவ்வாறு எடுங்கள். அவற்றைப் பற்றிப் பெரியவர்கள் கூறும் கதைகளை அவர்களின் குரலிலேயே பதிவுசெய்யுங்கள். ஓராண்டு இவ்வேலை நடக்கட்டும். அனுப்பப்பட்ட பணம் அதுவரை வங்கியிற் கிடக்கட்டும். ஓராண்டின் முடிவில், அட்டைப்பெட்டி போதாது, எமது படங்கள் பெருகிவிட்டன, நல்ல கருவி வேண்டும் என்று அவர்கள் வந்து நிற்பாராயின், வாசிகசாலைக் கூட்டத்தில் வாங்குவதற்கு ஆதரவாகக் கையுயர்த்துவோம்.

இளைஞர்கள் சிலர் முகம் வாடினர். ஒருவர் மட்டும் வில்லை எங்கே வாங்கலாமென்று விசாரித்தார். வேலை தொடங்குவதற்கு அந்த ஒருவர் போதும்.